பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள், பிறகு எதற்குப் பிரிக்க வேண்டும்?

கேள்வியில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று, குப்பை மேலாண்மையும் மறுசுழற்சியும் நிலையான வளர்ச்சிக்கு உந்துசக்தி என்று பாடப்புத்தகத்திலும் அரசு விளம்பரத்திலும் சொல்கிறார்களே, அது உண்மையா என்பது. இன்னொன்று ஓர் எரிச்சல்: பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று வீட்டில் பிரித்து வைக்கிறேன், வாசலுக்கு வரும் வண்டியில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள், பிறகு நான் ஏன் மெனக்கெட வேண்டும்? இரண்டாவதற்குப் பதில் தேடினால் முதலாவதற்கும் சேர்த்தே கிடைத்துவிடும், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரைக் கோபித்துப் பயனில்லை. நம் ஊர்களில் குப்பை அள்ளும் ஒப்பந்தங்கள் ரொம்ப காலமாக எடைக் கணக்கில்தான் போடப்பட்டு வந்திருக்கின்றன. ஒரு டன் குப்பையைக் கிடங்கில் கொண்டுபோய்ச் சேர்த்தால் இத்தனை ரூபாய் என்று பேச்சு. லாரி எடைமேடையில் ஏறும், சீட்டு விழும், மாதக் கடைசியில் அந்தச் சீட்டுகளைக் கூட்டிப் பில் போடுவார்கள். இந்தக் கணக்கில் பிரித்த குப்பைக்கு ஒரு பைசா கூடுதலாகக் கிடையாது. அதைவிட மோசம், குப்பையிலேயே எடை அதிகமானது சாம்பார் மிச்சமும் காய்கறித் தோலும் பழச் சக்கையுமாக இருக்கும் ஈரக் குப்பைதான், அதைத் தெருமுனையிலேயே உரமாக்கிவிட்டால் லாரியில் ஏறும் எடை பாதியாகும், ஒப்பந்தக்காரரின் பில்லும் பாதியாகும். பிரிக்கச் சொல்லி ஒரு பக்கம் நோட்டீஸ் ஒட்டிவிட்டு இன்னொரு பக்கம் பிரிக்காமல் இருந்தால்தான் வருமானம் என்று ஒப்பந்தம் போட்டால் வேறென்ன நடக்கும்?

சென்னையில் 2020க்குப் பிறகு வந்த சில ஒப்பந்தங்களில் எடையை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய் எடுத்தார்களா, தெரு சுத்தமாக இருக்கிறதா என்பது போன்ற அளவுகோல்களை வைத்துப் பணம் கொடுக்கும் முறைக்கு மாறியிருக்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் அதற்குப் பிறகும் பேட்டரி வண்டிக்காரர் ஒருவர் தன் ஷிப்டுக்குள் நூற்றுக்கணக்கான வீடுகளை முடிக்க வேண்டியிருக்கிறது, வண்டியில் இருக்கும் தனித்தனி டப்பாக்களில் ஈரத்துக்கான டப்பா பத்தாவது தெருவிலேயே நிரம்பிவிடுகிறது, அப்புறம் கைக்குக் கிடைத்த இடத்தில் போடுகிறார். தப்பித் தவறிப் பிரித்தே கொண்டுபோனாலும் குப்பையை மாற்றி ஏற்றும் இடத்தில் பெரிய லாரி ஒன்றுதான் நிற்கிறது. நீங்கள் பார்க்கும் "ஒன்றாகக் கொட்டுவது" இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி மட்டும்.

சரி, கலந்தால்தான் என்ன? இதற்குப் பதில் எந்தக் காயலான் கடையிலும் கிடைக்கும். ஒரு வாரச் செய்தித்தாளைக் காயவைத்துக் கட்டிக் கொண்டுபோனால் கிலோவுக்கு ஒரு விலை சொல்வார்கள். அதே தாள் ஒரு நாள் இரவு மீன் குழம்போடு ஒரே பையில் கிடந்தால் கையால் தொட மாட்டார்கள். அட்டைப் பெட்டி, பால் கவர், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நம் நாட்டு வீட்டுக் குப்பையில் எடைக்குப் பாதி அல்லது அதற்கும் மேல் ஈரக் குப்பை. அது தனியாக இருக்கும்வரை உரம், மாட்டுத் தீவனம், எரிவாயு. மற்றது தனியாக இருக்கும்வரை காகித ஆலைக்கும் பிளாஸ்டிக் தொழிலுக்கும் மூலப்பொருள். இரண்டும் சேர்ந்த நிமிடத்தில் இரண்டுமே விலையில்லாமல் போகிறது, அதை ஒழிக்க நாம் காசு கொடுக்க வேண்டி வருகிறது. மறுசுழற்சி பற்றிய பேச்சில் தொழில்நுட்பம், இயந்திரம், முதலீடு எல்லாம் வரும், ஆனால் கணக்கு முடிவாகிவிடுவது உங்கள் சமையலறையில் அந்த முதல் பையில்.

கலந்த குப்பை கிடங்குக்குப் போனால் என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். குப்பை மேல் குப்பை விழுந்து அமுங்கும்போது உள்ளே காற்று போகாது. காற்றில்லாமல் அழுகும் ஈரக் குப்பையில் இருந்து மீத்தேன் வரும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கும், இருபது வருடக் கணக்கில் 80 மடங்குக்கு மேலும் பூமியைச் சூடாக்கக் கூடியது. எரியவும் செய்யும். சென்னையில் பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்தது, கொச்சிக்குப் பக்கத்தில் பிரம்மபுரம் கிடங்கு 2023 மார்ச்சில் பத்து நாளுக்கு மேல் புகைந்து நகரமே மூச்சுத் திணறியது. கொழும்புக்கு அருகில் மீதொட்டமுல்லையில் 2017ஆம் ஆண்டு புத்தாண்டு தினத்தன்று, ஏப்ரல் 14ஆம் தேதி, குப்பை மலையே சரிந்து வீடுகள் மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். குப்பை மேட்டை ஒட்டி யார் வீடு கட்டிக்கொண்டு இருப்பார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். சென்னையின் பெருங்குடிக் கிடங்கு சுமார் 225 ஏக்கர், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே கொட்டப்பட்டது. அந்தச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, உலகம் காப்பாற்ற வேண்டிய ஈரநிலம் என்று பெயர் வாங்கிய இடத்தில்தான் நம் குப்பை கிடக்கிறது. வடக்கே கொடுங்கையூர் சுமார் 340 ஏக்கர். பல வருடம் லாரி லாரியாகக் காசு கொடுத்து அங்கே கொட்டினோம். இப்போது பயோமைனிங் என்ற பெயரில் அதே குப்பையைத் தோண்டி எடுத்துச் சலித்துப் பிரிக்கிறோம், பெருங்குடிக்குச் சுமார் 350 கோடி ரூபாய், கொடுங்கையூருக்கு 640 கோடி அளவில். தோண்டி எடுப்பதில் என்ன கிடைக்கிறது? மண், கல், பள்ளத்தை நிரப்ப ஆகும். பிளாஸ்டிக்கும் துணியும் கந்தலுமாக ஒரு பகுதி, அது அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது. முப்பது வருடம் முன்பு தனியாக எடுத்து வைத்திருந்தால் விற்றிருக்கக் கூடிய பொருள் அது. நிலம் மீள்கிறது, அதற்காக இந்தச் செலவை நான் குறை சொல்லவில்லை, மீட்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே குப்பைக்கு இரண்டு தடவை காசு கொடுத்திருக்கிறோம் என்பதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

ஐக்கிய நாடுகள் சபை 2015இல் வகுத்த 17 நீடித்த நிலையான வளர்ச்சி இலக்குகளில் 11ஆவது நகரங்களைப் பற்றியது, 12ஆவது பொறுப்பான நுகர்வைப் பற்றியது. 12க்குள் ஒரு வரி 2030க்குள் குப்பை உருவாவதைக் கணிசமாகக் குறைக்கச் சொல்கிறது, எப்படி என்றால் தவிர்ப்பது, குறைப்பது, மறுசுழற்சி, மறுபயன்பாடு என்று. மேடையில் பேசுகிறவர்கள் மறுசுழற்சியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். காரணம் எளிது, தவிர்ப்பதில் யாருக்கும் டெண்டர் கிடையாது.

அப்படியானால் மறுசுழற்சியால் வளர்ச்சி வருவதே இல்லையா என்றால், வருகிறது, கண் முன்னால் நடக்கிறது, அதைப் பார்க்கத் திருப்பூர்ப் பக்கம் போக வேண்டும். பனியன் கம்பெனிகளில் துணி வெட்டும்போது விழும் துண்டுத் துணியை அங்கே குப்பை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பனியன் வேஸ்ட் என்பார்கள், அதற்கென்று வியாபாரிகள், குடோன்கள், நாள் விலை எல்லாம் உண்டு. பெண்கள் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். வெள்ளை தனி, கறுப்பு தனி, பாலியஸ்டர் கலந்தது தனி. பிரித்ததைக் கிழித்து மறுபடியும் பஞ்சாக்கி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் இருக்கும் ஓ.இ. மில்களில் (ஓபன் எண்ட் முறையில் நூற்கும் ஆலைகள்) நூலாக நூற்கிறார்கள். மற்ற நூற்பாலைகளில் சீவும்போது கழியும் கழிவுப் பஞ்சும் இந்த மில்களுக்குத்தான் போகிறது. அந்த நூல் லுங்கியாக, படுக்கை விரிப்பாக, கையுறையாக, தரை துடைக்கும் மாப்பாக வெளியே வருகிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது நிறம் பிரிக்கும் வேலைதான். சிவப்புத் துண்டுகளை மட்டும் சேர்த்து நூற்றால் நூல் சிவப்பாகவே வரும், மறுபடி சாயம் போட வேண்டாம். சாயம் போட வேண்டாம் என்றால் சாயக் கழிவுநீர் இல்லை. நொய்யல் ஆறு என்ன கதிக்கு வந்தது, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னது, ஊரே வேலையில்லாமல் நின்றது, இதெல்லாம் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியின் அர்த்தம் புரியும். மூடிய பட்டறைகள் திறக்க வேண்டுமென்றால் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையின்படி பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்தினார்கள். இன்று அங்கே சாயத் தண்ணீரின் பெரும்பகுதியைச் சுத்திகரித்துத் திரும்பச் சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறார்கள், அதில் கரைந்திருக்கும் உப்பையும் மீட்டுக்கொள்கிறார்கள். பாக்கி வரும் கலவை உப்பை என்ன செய்வது என்பது இன்னும் தலைவலிதான். ஆனாலும் ஒரு தொழில் நகரம் தன் கழிவை விழுங்கிக்கொண்டே வளர முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே இருக்கும் உதாரணம் இது. ஒரு விஷயம் கவனியுங்கள், அது நல்லெண்ணத்தில் வந்ததில்லை. கோர்ட் ஆர்டர் வந்ததால் வந்தது.

கரூர்ப் பக்கம் தண்ணீர் பாட்டிலை அரைத்து, உருக்கி, இழையாக்கித் துணி செய்கிறார்கள். 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு ஒரு நீல மேல்சட்டை அணிந்து வந்தது செய்தியானதே, அது பெட் பாட்டிலில் செய்த துணி, கரூரில் தயாரானது. புகளூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையில் காகிதம் செய்வது எல்லோருக்கும் தெரியும், அங்கேயே பழைய காகிதத்தின் மையை நீக்கிக் கூழாக்கும் ஆலையும் ஓடுகிறது. இவற்றுக்கெல்லாம் ஒரு பொதுத் தன்மை உண்டு: மூலப்பொருள் சுத்தமாக, வகை பிரித்து, தினம் தினம் தவறாமல் வந்து சேர வேண்டும். அது நின்றால் ஆலை நிற்கும். அல்லது வெளிநாட்டுக் கழிவுக் காகிதத்தைக் கப்பலில் இறக்குமதி செய்ய வேண்டும், அதுவும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, நம் தெருவில் காகிதம் மழையில் நனைந்து கிடக்கும்போதே.

இந்தப் பொருளை இன்று யார் சேர்த்துத் தருகிறார்கள்? மாநகராட்சி கொஞ்சம். பெரும்பாலும் கோணிப்பையோடு விடியற்காலையில் கிளம்புகிறவர்களும், மூன்று சக்கர சைக்கிளில் பழைய பேப்பர் வாங்குகிறவர்களும், காயலான் கடைக்காரர்களும். தெருவில் பொறுக்குபவரிடம் இருந்து சின்னக் கடைக்கு, அங்கிருந்து பெரிய குடோனுக்கு, அங்கிருந்து ஒரே வகைப் பொருளை மட்டும் வாங்கும் மொத்த வியாபாரிக்கு, கடைசியில் ஆலைக்கு. ஒவ்வொரு கையிலும் பிரிப்பு நுணுக்கமாகிக்கொண்டே போகும். பாட்டில் மூடி ஒரு வகை, பாட்டில் இன்னொரு வகை, அதில் ஒட்டிய லேபிள் மூன்றாவது வகை. பழகிய கை தட்டிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, சிலசமயம் ஓரத்தைக் கொளுத்தி மோந்து பார்த்துக்கூடச் சொல்லிவிடும், அந்தப் புகை அவர் நுரையீரலுக்குப் போகிறது என்பதும் உண்மை. கையுறை இல்லை, காப்பீடு இல்லை, ஊசி குத்தும், கண்ணாடி கிழிக்கும், போலீஸ் சந்தேகத்தில் பிடிக்கும். அலுமினியத்தைத் தாதுவில் இருந்து எடுப்பதற்கு ஆகும் மின்சாரத்தில் சுமார் 5 சதவீதமே பழைய அலுமினியத்தை உருக்க ஆகிறது. நாட்டுக்கு மிச்சமாகும் அந்த 95 சதவீதத்தில் இவர்களுக்கு என்ன வந்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

பிளாஸ்டிக் பற்றிக் கொஞ்சம் நேராகப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் நம்பிக்கை அதிகமாக விற்கப்படுகிறது. உலகளவில் பிளாஸ்டிக் கழிவில் சுமார் 9 சதவீதம்தான் மறுசுழற்சி ஆகிறது என்று ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2022இல் கணக்குச் சொன்னது. பாட்டில், பக்கெட், பால் கவர் இவற்றுக்கு விலை உண்டு, அதனால் அவை திரும்புகின்றன. ஷாம்பு சாஷே, சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை இவையெல்லாம் பிளாஸ்டிக்கும் மெல்லிய உலோகப் படலமும் பல அடுக்காக ஒட்டியவை, பிரிக்க முடியாது, கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட யாரும் தர மாட்டார்கள், அதனால் யாரும் பொறுக்க மாட்டார்கள். எந்தச் சாக்கடை அடைப்பையும் எடுத்துப் பாருங்கள், இதுதான் இருக்கும். மறுசுழற்சி ஆகும் என்று முக்கோணக் குறி போட்டிருப்பதற்கும் உண்மையில் ஆவதற்கும் நடுவே நிற்பது விலை.

விலை இல்லாத பொருளுக்கு விலை ஏற்படுத்தத்தான் தயாரிப்பாளர் பொறுப்பு என்ற ஏற்பாடு வந்தது. நீ எவ்வளவு பிளாஸ்டிக் சந்தைக்கு அனுப்புகிறாயோ அவ்வளவைத் திரும்ப எடுத்து மறுசுழற்சி செய், அல்லது செய்தவரிடம் சான்றிதழ் வாங்கு. யோசனை சரியானது. நடைமுறையில், 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சில மறுசுழற்சி நிறுவனங்களைத் தணிக்கை செய்தபோது 6 லட்சத்துக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன. காகிதத்தில் காசு கைமாறியது, சாஷே சாக்கடையிலேயே கிடந்தது.

பிளாஸ்டிக் ரோடு என்ன ஆயிற்று என்று அடுத்து கேட்பீர்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்தது, 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். சூடான ஜல்லியில் பிளாஸ்டிக் துணுக்குகளைத் தூவினால் அது உருகி ஜல்லி மேல் படலமாகப் படிகிறது, பிறகு தார் நன்றாகப் பிடிக்கிறது, தண்ணீர் இறங்குவதில்லை. சென்னையில் ஜம்புலிங்கம் தெருவில் 2002இலேயே போட்டார்கள். விற்க முடியாத கேரி பேக்குக்கு இது நல்ல முடிவுதான். ஆனால் ரோட்டில் போன பிளாஸ்டிக் திரும்பி வராது, ரோடு தேயும்போது துகளாகிப் போகும். பாட்டில் சட்டையாவதும் அப்படித்தான், சட்டை மறுபடி பாட்டிலாகாது. ஒரு தடவை தள்ளிப்போடுகிறோம், அவ்வளவுதான். பாட்டில் பாட்டிலாகவே திரும்பினால்தான் சுழற்சி என்று சொல்லலாம். பிளாஸ்டிக் பாட்டிலில் இத்தனை சதவீதம் பழைய பிளாஸ்டிக் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு இப்போது விதி கொண்டுவந்திருப்பது அந்தத் திசையில்தான், அது எவ்வளவு கறாராக நடக்கும் என்று பார்க்க வேண்டும்.

விலை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே தெளிவான சான்று ஒன்று இருக்கிறது, அதற்கு டாஸ்மாக்கைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. நீலகிரியில் குடித்துவிட்டுக் காட்டுக்குள் வீசும் பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழித்துக்கொண்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2022 மே மாதம் முதல் அந்த மாவட்டத்தில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் தந்துவிடும் திட்டம் வந்தது. 90 சதவீதத்துக்கு மேல் பாட்டில்கள் திரும்பின. விழிப்புணர்வுப் பேரணி இல்லை, குப்பைத் தொட்டி வாசகம் இல்லை. வீசியவர் எடுக்காவிட்டாலும் பின்னால் வருகிறவர் எடுக்கிறார், ஏனென்றால் அது 10 ரூபாய். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள், கடை ஊழியர்கள் ஸ்டிக்கர் ஒட்டுவதும் காலிப் பாட்டிலை எண்ணி அடுக்குவதும் யார் வேலை, கூடுதல் ஆள் எங்கே, வைக்க இடம் எங்கே என்று போராடினார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் திட்டத்தின் அடிப்படை வேலை செய்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஜெர்மனியில் 2003 முதல் தண்ணீர், குளிர்பான பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை வாங்குகிறார்கள், கிட்டத்தட்ட எல்லாமே திரும்பி வருகிறது. குடிகாரர் பாட்டிலுக்கு முடிகிறது, குளிர்பான பாட்டிலுக்கு ஏன் முடியவில்லை என்பதைக் குளிர்பானக் கம்பெனிகளிடம்தான் கேட்க வேண்டும்.

வேலை செய்கிறவர்களுக்கு நேராகக் காசு போனால் என்ன ஆகும் என்பதற்குப் புனே. அங்கே குப்பை பொறுக்கும் பெண்கள் 1993இல் சங்கம் கட்டினார்கள், அதில் இருந்து ஸ்வச் என்ற கூட்டுறவு பிறந்தது, 2008 முதல் மாநகராட்சியோடு ஒப்பந்தம். வீடுகள் மாதக் கட்டணத்தை நேராகச் சேகரிக்க வருபவரிடமே கொடுக்கின்றன. விற்கக் கூடியது என்ன கிடைத்தாலும் அது அவருடையது. இந்த இரண்டாவது வரிதான் உயிர்நாடி, நீங்கள் பாட்டிலை ஈரத்தில் நனைத்துக் கொடுத்தால் நஷ்டம் அவருக்கு, அதனால் வாசலிலேயே நின்று கேட்பார். அடையாள அட்டை கிடைத்ததும் போலீஸ் தொந்தரவு குறைந்தது என்று சங்கத்துக்காரர்கள் சொல்வார்கள்.

சத்தீஸ்கரில் அம்பிகாபூர் என்ற சிறிய நகரம் இருக்கிறது. அங்கே நடக்கும் முறைக்குப் பின்னால் நம் வேலூரைச் சேர்ந்த சீனிவாசன் இருக்கிறார். அவர் சொல்வது ரொம்ப எளிமையான விஷயம்: ஈரக் குப்பையை ஒரு நாளைக்கு இரண்டு தடவை எடுத்துவிடு. கெடுவதற்கு முன்னால் கையில் வந்தால் காய்கறித் தோல் மாட்டுக்கும் கோழிக்கும் வாத்துக்கும் தீவனம், கெட்ட பிறகு வந்தால் நாற்றமும் ஈயும்தான். சுயஉதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாக எடுத்து, வார்டு அளவிலேயே சின்னக் கொட்டகையில் டஜன்கணக்கான வகைகளாகப் பிரித்து விற்கிறார்கள், வீட்டுக் கட்டணமும் விற்ற காசும் சேர்த்துச் சம்பளம். பெரிய கிடங்கு தேவைப்படவில்லை, பழைய குப்பை மேட்டைப் பூங்காவாக்கிவிட்டார்கள். 2019இல் ஒரு கிலோ பிளாஸ்டிக் கொண்டுவந்தால் சாப்பாடு என்று ஓட்டலும் திறந்தார்கள், பேப்பர்களில் அந்த ஓட்டல்தான் பெரிதாக வந்தது, அதைவிடப் பெரிய சாதனை கொட்டகைகள். வேலூர்க்காரரின் யோசனையைச் சத்தீஸ்கர் எடுத்துக்கொண்ட அளவு நாம் எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு ஒரு வருத்தம். கேரளத்தில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் கிராம வீடுகளில் மாதம் 50 ரூபாய் வாங்கிக்கொண்டு காய்ந்த, சுத்தமான பிளாஸ்டிக்கை எடுக்கிறார்கள், ஈரக் குப்பையை வீட்டுக்காரர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் 50 ரூபாய்க்குச் சண்டை போட்டவர்கள் நிறையப் பேர், பிரம்மபுரம் எரிந்த பிறகு பேச்சு மாறியது.

இதற்கெல்லாம் குறுக்கு வழியாக எரிஉலையைக் காட்டுவார்கள், குப்பையில் இருந்து மின்சாரம் என்று. கேட்க இனிக்கும். டெல்லி திமார்பூரில் 1987இலேயே ஒன்று கட்டி, சோதனை ஓட்டத்தோடு சில வாரத்தில் மூடினார்கள், நம் குப்பை எரியவில்லை, அதில் பாதி தண்ணீர். எரிய வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கும் காகிதமும் அட்டையும் உலைக்குள் போக வேண்டும், அதாவது காயலான் கடைக்குப் போக வேண்டிய பொருள். உலை கட்டியவருக்கு இருபது இருபத்தைந்து வருடம் தினமும் இத்தனை டன் தருகிறேன் என்று நகராட்சி கையெழுத்துப் போடும், அப்புறம் குப்பை குறைந்தால் நகராட்சிக்கு நஷ்டம். முதலில் சொன்ன எடைக் கணக்கு மறுபடியும் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. கொடுங்கையூரில் எரிஉலை வேண்டாம் என்று வடசென்னை மக்கள் போராடுவது புகைக்குப் பயந்து மட்டுமில்லை. அனல்மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, குப்பைக் கிடங்கு எல்லாவற்றையும் ஏற்கனவே அவர்கள் தலையில் கட்டியிருக்கிறோம்.

சரி, உங்கள் தொட்டிக்கு வருகிறேன். வண்டியில் கலக்கிறார்கள் என்பதற்காகப் பிரிப்பதை விடாதீர்கள், பிரித்ததை வண்டியிடம் கொடுக்காமல் இருக்கப் பாருங்கள். காய்ந்ததைச் சேர்த்து வைத்து மாதம் ஒரு தடவை காயலான் கடைக்குப் போடுங்கள் அல்லது தெருவில் வரும் சைக்கிள்காரருக்குக் கொடுங்கள், பால் கவரைக் கழுவிக் காயவைத்தால் தனி விலை. ஈரத்தைத் துளை போட்ட இரண்டு மண் தொட்டியில் காய்ந்த இலையோடு அடுக்கடுக்காகப் போட்டு மாற்றி மாற்றி நிரப்பினால் இரண்டு மூன்று மாதத்தில் எரு. நாறுகிறது என்றால் ஈரம் அதிகம், காய்ந்த இலை போதவில்லை என்று அர்த்தம், பயப்பட ஒன்றுமில்லை. இந்த இரண்டையும் செய்தால் வண்டிக்குப் போக வேண்டியது டயபர், நாப்கின், சாஷே மாதிரி சொற்பம்தான். நாப்கினைத் தாளில் சுற்றித் தனியாகக் குறி போட்டுக் கொடுங்கள், கையால் எடுப்பவர் ஒரு மனிதர். பல்பு, பேட்டரி, காலாவதி மாத்திரையையும் தனியாக வையுங்கள், திடக்கழிவு மேலாண்மை விதிப்படி இவை தனி வகை.

அடுக்குமாடியில் இருந்தால் இன்னும் நல்லது, ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் இடங்கள் ஈரக் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. கல்யாண மண்டபங்களும் ஓட்டல்களும் இதில் வரும். ஒரு முகூர்த்த நாளில் ஒரு மண்டபத்தில் சேரும் வாழை இலையை நினைத்துப் பாருங்கள், மாட்டுக்காரர் ஒருவரோடு ஏற்பாடு செய்துகொண்டால் அங்கேயே முடிகிற விஷயம் லாரி ஏறிக் கிடங்குக்குப் போகிறது.

அப்புறம், உங்கள் நகராட்சி எந்தக் கணக்கில் ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். கவுன்சிலரிடம் கேளுங்கள், சொல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு போடுங்கள். மனுவில் நான்கே கேள்வி வைத்தால் போதும்: பணம் எடைக்குத் தரப்படுகிறதா வேறு அளவுகோலுக்கா, போன வருடம் மாதவாரியாகக் கிடங்குக்குப் போன எடை எவ்வளவு, ஈரக் குப்பையை உரமாக்க வார்டில் இருக்கும் நுண்ணுர மையத்துக்கு வந்தது எவ்வளவு, காய்ந்த குப்பை விற்று வந்த பணம் எவ்வளவு, அது யாருக்குப் போனது. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.